பதினோரு எஞ்சின் இருந்த வீடு

அந்த இடத்துல துளை போடாதிய தம்பி. கொஞ்சம் கீழ எறங்குங்க. செவுத்துல நம்பர் எழுதியிருக்குல்லா, அது அழிஞ்சிரும். வயரு போகணும்னா சன்னல் வழியா கொண்டு போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கரண்டு என் வீட்டுலேர்ந்து எடுக்கச் சொன்னது ஊர்க் கமிட்டிதான, எடுத்துக்கிடுங்க. நான் ஒருத்தி, ஒரு ஃபேனு, ஒரு பல்பு. நம்பரு மேல மட்டும் கை வைக்காதிய.

என்ன நம்பருன்னா கேக்கிய? உக்காருங்க, டீ போட்டாச்சு. ஏணி எங்கயும் ஓடிப் போகாது. அது எஞ்சின் நம்பரு. பதினோரு எஞ்சினு, பதினோரு நம்பரு. எங்க வீட்டுக்காரவிய பெயிண்டால எழுதுனது. நீங்க கேமரா மாட்டப் போற ரூமுக்கு மேல போர்டுல இருக்கே, 'கஸ்பார் நினைவு எஞ்சின் அறை'ன்னு, அந்தக் கஸ்பார்தான் அவிய. போய்ச் சேந்து நாலு வருசமாச்சு. கடல்ல ஒண்ணும் போகல, மஞ்சக்காமாலை. நாப்பது வருசம் கடல்ல கெடந்த மனுசன், தூத்துக்குடி ஆஸ்பத்திரி கட்டில்ல போனாவ.

நீங்க வெளியூரு. முழுசாச் சொன்னாத்தான் விளங்கும். எங்க ஊர்ல போட்டெல்லாம் கரையிலதான் கெடக்கும். சிலத மணல்ல ஏத்தி வச்சிருப்பானுவ, சிலது இடுப்புத் தண்ணியில நங்கூரம் போட்டுக் கெடக்கும். போட்ட எவனும் தூக்கிட்டுப் போக முடியாது. எஞ்சின் அப்படி இல்ல. போட்டுக்குப் பின்பக்கம் பலகையில ரெண்டு திருகு, அம்புட்டுதான் அதப் புடிச்சு வச்சிருக்கது. ரெண்டு ஆளு வந்தா அஞ்சு நிமிசம். ஒம்பது வருசத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழம, ஊரே பூசையில இருக்கு. ஞாயித்துக்கிழம எங்க ஊர்ல ஒருத்தனும் கடலுக்குப் போக மாட்டான், தெருவுல ஒரு ஈ காக்கா இருக்காது, அம்புட்டுப் பேரும் கோயில்லதான். அது தெரிஞ்ச கள்ளன் வேன் கொண்டாந்திருக்கான். பூச முடிஞ்சு வெளிய வந்தா மூணு போட்டு மொட்டையா நிக்கி.

போலீசுக்குப் போனா, எஞ்சின் நம்பர் என்னன்னு கேட்டாவ. ஒருத்தனுக்கும் தெரியல. நம்பரு தெரியாம எப்படிக் கண்டுபிடிக்கன்னு எஸ்.ஐ. கேக்காரு, அதுக்குத் தொம்மை சொல்லுதான், "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சார், சத்தத்த வச்சு என் எஞ்சின நான் சொல்லிருவேன்"னு. எஸ்.ஐ. சிரிச்ச சிரிப்புல இவன் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டான். தொம்மைய உங்களுக்குத் தெரியும்லா? உங்கள வரச் சொன்னவன்தான். கமிட்டி செயலாளரு. எங்க வீட்டுக்காரவியளுக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். அவன் சொன்னதும் பொய்யில்ல பாத்துக்கிடுங்க. நானே அடுப்படியில நின்னு சொல்லுவேன், இப்ப வருதது விக்டோரியன் போட்டு, அதுக்குப் பின்னால வருதது ரெமிஜி போட்டுன்னு. ஆனா போலீசுக்கு நம்பருல்லா வேணும்.

அதுக்கப்புறம் சங்கிலி போட்டுப் பாத்தானுவ. இந்த உப்புக்காத்துல பூட்டு ஒரு மாசத்துல இறுகிப் போகும், கள்ளன் அறுக்கதுக்கு முன்ன நம்மளே அறுக்கணும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாம்னா தெருவெல்லாம் கோயிலுக்கு அந்தப் பக்கம். நாப்பது கிலோ எஞ்சின தண்டுல கட்டி, ரெண்டு பேரு தோள்ல வச்சு, இந்தப் பொதமணல்ல நடந்து பாருங்க, தெரியும். கரையிலேர்ந்து மொத வீடு இதுதான். அவிய ஒரே வார்த்தை சொல்லிட்டாவ, "எல்லாத்தையும் இங்க கொண்டாந்து வைங்கல, நான் பாத்துக்கிடுதேன்"னு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

இந்த முன்ரூமு பூரா எஞ்சினுதான் தம்பி. நீங்க இப்ப உக்காந்திருக்க எடத்துல நாலு. மரச்சட்டம் அடிச்சு வரிசையா மாட்டி, மேல செவுத்துல நம்பர எழுதி வச்சாவ. கட்டில அடுப்படிக்குக் கொண்டு போயாச்சு. எம்மவ தெரஸ் அப்பத்தான் கன்னியாஸ்திரியாப் போயிருந்தா, வடக்க, ஜார்க்கண்டுன்னு ஒரு ஊரு. லீவுக்கு வந்தவ வாசல்லயே நின்னு மூக்கப் பொத்துதா. பெட்ரோல் நாத்தம். சேலையில நாத்தம், சோத்துல நாத்தம். விடியமுன்ன வந்து கதவத் தட்டுவானுவ, முப்பது ஆளு. ஆளுக்கொரு டீ. மத்தியானம் திரும்ப வருவானுவ. முத்தத்துல நல்லதண்ணி டிரம்மு ஒண்ணு இருந்துச்சு, அதுல எஞ்சின எறக்கி ஓட விட்டு உப்பக் கழுவணும், இல்லன்னா உள்ள அரிச்சிரும். பதினோரு எஞ்சினும் கழுவி முடிக்க ரெண்டு மணி நேரம். காது அடைச்சுப் போகும்.

நான் சும்மா இருப்பனா? ஏசுவேன். "ஏல, காலக் கழுவிட்டு வாங்கல, இது வீடா கக்கூசா?" "ஏல ரெமிஜி, உன் எஞ்சினு எண்ணெய வடிக்கி, நீ வந்து தொட." "பீடியப் புடிச்சுக்கிட்டு உள்ள வந்தா விளக்குமாறு பிஞ்சிரும்." ஒருநாள் கூட நான் அவனுவகிட்ட நல்ல வார்த்தை பேசுனதில்ல. கோயில்ல பாத்தாலும் அதே பேச்சுதான். பொம்பளைவகிட்டயும் அதேதான் பொலம்புவேன், எனக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து, எப்ப இந்தச் சனியன் என் வீட்ட விட்டுப் போகும்னு. அவனுவ சிரிப்பானுவ. "சலேத்தக்கா இன்னைக்கு நல்ல சூட்டுல இருக்கா"ன்னு சொல்லிக்கிட்டே டீயக் குடிப்பானுவ. அவிய போன பொறவும் அப்படித்தான். அடக்கம் முடிஞ்ச மறுநாள் விடியமுன்ன கதவத் தட்டுனானுவ, நான் எந்திரிச்சு டீ போட்டேன். அழ நேரமில்ல பாத்துக்கிடுங்க.

குடிங்க, ஆறிரப் போகுது. சீனி போதுமா?

போன வருசம் கமிட்டி கூடியிருக்கு. மீன்வளத்துல ஒரு திட்டம் வந்திருக்கு, கரையிலயே எஞ்சின் ரூமு கட்டலாம், சிமெண்டு செவரு, இரும்பு ஷட்டரு, ரெண்டு பூட்டு. தொம்மை எந்திரிச்சு சொன்னானாம், "மதினி ஏழெட்டு வருசமா நமக்காகக் கஷ்டப்பட்டுட்டா, இனியும் அவளப் பாடாப் படுத்தக் கூடாது, ரூம கட்டிருவோம்"னு. எல்லாவனும் கை தட்டுனானாம். அண்ணன் பேரையே வச்சிருவோம்னு அதுக்கொரு கைதட்டு. நம்ம சாமியாருதான் கமிட்டிக்குத் தலைவரு, அவரும் சரின்னுட்டாரு.

தெறப்பு விழா அன்னைக்கு என்ன மேடையில உக்கார வச்சு சால்வை போத்துனானுவ. சாமியாரு மைக்குல சொல்லுதாரு, "சலேத்தம்மாவுக்கு இனிமே நிம்மதி"ன்னு. நான் என்ன சொல்ல? வாயெல்லாம் பல்லா உக்காந்திருந்தேன். எறங்கி வீட்டுக்கு வந்தா, பயலுவ எஞ்சினையெல்லாம் எடுத்துட்டுப் போயாச்சு. விக்டோரியன் பொண்டாட்டி வந்து தரையச் சோடா போட்டுக் கழுவி விட்டுட்டுப் போயிருக்கா. அம்புட்டு நல்ல மனசு. எண்ணெ நாத்தம் கூட இல்ல.

எனக்கு அதுல வருத்தமில்ல. அதச் சொல்லிக்கிடுதேன். என் கவலையெல்லாம் எஞ்சினப் பத்தித்தான். இரும்பு ஷட்டரு இந்தக் காத்துக்கு ரெண்டு வருசம் தாங்குமா? காவலுக்கு ஒரு ஆளப் போட்டிருக்கானுவ, பத்து மணிக்கே தூங்கிப் போவான். எங்க வீட்டுல இருக்கையில, ஒரு எஞ்சினு, ஒரு திருகு காணாமப் போயிருக்குமா? கேளுங்க ஊர்ல. நான் ஒருத்தி இருக்கையில எந்தக் கள்ளன் வருவான்? இதையெல்லாம் தொம்மைகிட்ட சொன்னேன். "நீ ரெஸ்ட் எடு மதினி"ங்கான். ரெஸ்டு. விடியமுன்ன முழிப்பு வந்திரும். வாசல்ல காலடிச் சத்தம் கேக்கும், நேராக் கரைக்குப் போயிரும். நான் டீக்குத் தண்ணி வச்சு, பொறவு குடிக்க ஆளில்லன்னு நெனப்பு வந்து அடுப்ப அணைப்பேன். மத்தியானமும் அப்படித்தான். கழுவுத சத்தம் அங்க கேக்கும். எவனாவது இந்தப் பக்கம் வந்தா, வாசல்ல நின்னு "என்னக்கா, சௌக்கியமா"ன்னு கேப்பான். சௌக்கியமாம். முன்ன ஒருத்தனும் அப்படிக் கேட்டதில்ல. உள்ள வந்து உக்காந்து "டீயில ஏன் தண்ணிய ஊத்தியிருக்க"ன்னுதான் கேப்பானுவ.

தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். வெளியாளுங்கதுனால சொல்லுதேன். வெளிய விடக் கூடாது.

ரூமுக்கு ரெண்டாஞ் சாவி என்கிட்டதான் இருந்துச்சு. பக்கத்து வீடுல்லா, அவசரத்துக்குன்னு குடுத்திருந்தானுவ. ஆறு வாரத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழம, முட்டு வலின்னு சொல்லிட்டு நான் பூசைக்குப் போகல. பெறந்ததுலேர்ந்து அன்னைக்குத்தான் போகல. ஊரு பூரா கோயிலுக்குள்ள போனதும், சாவிய எடுத்துக்கிட்டுப் போய் ஷட்டரத் தூக்கி உள்ள போனேன். திருட்டில்ல தம்பி, அப்படிப் பாக்காதிய. சோதனை. இந்த ரூம நம்பக் கூடாதுன்னு அவனுவளுக்குக் காட்டணும், வேற ஒண்ணுமில்ல. எஞ்சின என்னால தூக்க முடியாது. ஸ்பார்க் பிளக்கு இல்லன்னா எஞ்சின் கெளம்பாது, அவிய அதக் கழத்துததப் பாத்துப் பாத்து எனக்கு அந்த வேல தெரியும். மூடியத் தூக்கிட்டு, ஸ்பேனரப் போட்டு ஒரு திருப்பு. எஞ்சினுக்கு ரெண்டு பிளக்கு, பதினோரு எஞ்சினுக்கும் கழத்துனேன். டூல்ஸ் பெட்டியில கெடந்த உதிரி பிளக்கையும் விடல. நம்ம சாமியாருக்குப் பிரசங்கம் நீளும், நேரம் இருந்துச்சு.

அந்த ரூமுக்குள்ள போனதும் அழுகை வந்துட்டு, அதையும் சொல்லிருதேன். அதே நாத்தம். எல்லாம் வரிசையா நிக்கி. ரெமிஜி எஞ்சினு அங்கயும் எண்ணெய வடிக்கி.

மறுநாள் விடியமுன்ன ஒரே கூச்சல். ஒரு எஞ்சினும் கெளம்பல. மூடியத் தூக்கிப் பாத்தா பிளக்கு இல்ல. கட ஒம்பது மணிக்குத்தான் தெறக்கும், அதும் டவுனுக்குப் போகணும். அன்னைக்குத் தொழில் போச்சு. அம்புட்டுப் பேரும் எங்க வந்தானுவ தெரியுமா? இங்க. இந்த ரூமுல. முப்பது ஆளு. கீழ உக்காந்து, வாசல்ல உக்காந்து, கள்ளன் யாரு, எப்படி வந்தான், எஞ்சின விட்டுட்டுப் பிளக்க மட்டும் ஏன் எடுத்தான்னு ஒரே பேச்சு. அவசரத்துல வந்த கள்ளனா இருக்கும்னு நான் சொன்னேன். "இருக்கும்க்கா"ன்னானுவ. மூணு தடவ டீ போட்டேன். கப்பக்கிழங்கு இருந்துச்சு, அவிச்சுப் போட்டேன். "ஏல, சிந்தாமத் தின்னுங்கல"ன்னு ஏசுனேன். வாய் நெறைய ஏசுனேன். அவிய போன பொறவு நான் சந்தோசமா இருந்தது அந்த ஒரு நாளுதான் தம்பி. பாவந்தான். அன்னைக்குப் பக்கத்தூரு போட்டெல்லாம் நெத்திலியா அள்ளிட்டு வந்திருக்கு, நம்மாளுவ இங்க கெழங்கு தின்னுக்கிட்டு இருந்தானுவ. என்னாலதான். அது நெஞ்சுல கெடந்து உறுத்துது. பாவசங்கீர்த்தனத்துல சொல்லிரலாம்னா, சாமியாருல்லா கமிட்டித் தலைவரு. எப்படிச் சொல்ல? ஆறு வாரமா பூசையில சாமியாரு குடுக்க நன்மை அப்பத்த நான் வாங்கல. எல்லாரும் எந்திரிச்சுப் போவாவ, நான் பெஞ்சுலயே உக்காந்திருப்பேன்.

எஞ்சினத் திரும்ப இங்கயே கொண்டாந்திருவானுவன்னு நெனச்சேன். கொண்டாரல. கமிட்டி கூடி, பூட்டு சரியில்லன்னு பூட்ட மாத்துனானுவ. புதுப் பூட்டுக்கு ரெண்டாஞ் சாவிய என்கிட்டத் தர மறந்துட்டானுவ. நானும் போய்க் கேக்கல. பொறவு கேமரா போடலாம்னு முடிவு பண்ணியிருக்கானுவ. நேத்துத் தொம்மை வந்தான். ரொம்ப நாள் கழிச்சு உள்ள வந்து உக்காந்தான். "மதினி, நாளைக்குக் கேமராவுக்கு ஆள் வருது. மாட்டிட்டா, எவன் வந்தாலும் போனாலும் படத்துல விழுந்திரும். முன்கூட்டியே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்"னான். நான் பயந்துகிட்டு இருப்பேன்னு நெனச்சு ஆறுதல் சொல்ல வந்திருக்கான். தங்கமான பய.

அதான் உங்ககிட்ட ஒரு உதவி. இந்தாங்க, இந்த டப்பா. எல்லாப் பிளக்கும் இதுல இருக்கு. எடுத்தது எடுத்தேன், கரி புடிச்சுக் கெடந்துச்சு, பெட்ரோல்ல ஊற வச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்சு வச்சிருக்கேன். சோடி சோடியாத் தாள்ல மடிச்சு மேல பேரு எழுதியிருக்கேன், மாறிரக் கூடாதுல்லா. புதுப் பிளக்கு வாங்கிட்டானுவதான், ஆனா இதுவும் நல்ல பிளக்கு, உதிரியா ஆகும். நீங்க உள்ள போய்த்தான வயரு இழுக்கணும். சட்டத்துக்குப் பின்னால எங்கயாவது வச்சிருங்க. கேமரா ஓடுததுக்கு முன்ன.

என்ன தம்பி, டப்பாவ வாங்கிப் பையில போட்டுட்டிய? ஒண்ணும் கேக்கலையே நீங்க. நான் எப்படிச் சொல்லப் போறேன்னு பயந்துகிட்டு இருந்தேன், நீங்க மூஞ்சியக் கூடச் சுளிக்கல.

என்னது, முன்னயே உங்ககிட்டச் சொல்லி வச்சிருந்தாவளா? யாரு சொன்னது? தொம்மையா?

என்னன்னு சொன்னான், அப்படியே சொல்லுங்க. "மதினி ஒரு பொதி தருவா, ஒண்ணும் கேக்காம வாங்கி உள்ள வச்சிரு"ன்னானா?

அப்ப அவனுக்குத் தெரியும்.

அவனுக்குத் தெரிஞ்சா விக்டோரியனுக்குத் தெரியும். விக்டோரியனுக்குத் தெரிஞ்சா அவன் பொண்டாட்டிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிஞ்சா கோயில் மணி அடிச்ச மாதிரித்தான். ஊருக்கே தெரியும். அன்னைக்குக் கெழங்கு தின்னானுவள்லா, அன்னைக்கே தெரியும். "இருக்கும்க்கா, இருக்கும்க்கா"ன்னு தலைய ஆட்டுனானுவ. புதுச் சாவியத் தராததும் மறதியில்ல.

ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்லா தம்பி? "ஏக்கா, உனக்குக் கோட்டி புடிச்சிருக்கா, எங்க பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போட்ட"ன்னு வாசல்ல வந்து நின்னு கத்தியிருக்கலாம்லா? நான் அவனுவள எத்தன வருசம் ஏசியிருக்கேன். ஒருத்தன் திருப்பி ஏசியிருந்தா அழுதிருப்பேன், கால்ல விழுந்திருப்பேன், எல்லாம் முடிஞ்சிருக்கும். மரியாதையா விட்டுட்டானுவ. வயசான பொம்பள, தனியாக் கெடக்கா, பாவம்னு விட்டுட்டானுவ. பாவம்னு நெனச்சவன் உள்ள வந்து ஒரு டீயக் குடிச்சிட்டுப் போயிருந்தா நான் ஏன் அந்த ஷட்டரத் தூக்கப் போறேன்?

எனக்கு ஒண்ணுமில்ல. கண்ணுல கரிச்சுது, அம்புட்டுதான். நீங்க வேலையப் பாருங்க.

அந்தப் படம் எங்க வந்து விழும்? டிவிப் பொட்டி ஒண்ணு வைப்பியளா? வைக்கதுன்னா இந்த ரூமுல வைங்க, எடம் சும்மாத்தான கெடக்கு. பாக்க வாரவனுவ நாலு பேரு வந்து உக்காருவானுவ.

பொட்டியே இல்லையா? எல்லாம் போனுலயா? அப்ப அவனவன் இருந்த எடத்துலயே பாத்துக்கிடுவான். கடல்ல இருந்தாலும் பாக்கலாமா? டவர் கெடைக்க தூரம் வரைக்குமா? அது சரி. அப்ப எவனும் எங்கயும் போக வேண்டாம், வர வேண்டாம்.

தம்பி, அது எவ்வளவு தூரம் பாக்கும்? ரூமு வாசல மட்டுந்தானா? கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி வச்சா என் வாசப்படி அதுல விழுமா?

விழுமா? அப்ப திருப்பி வைங்க. தொம்மை கேட்டா, பாதையும் தெரியணும்னு வச்சேன்னு சொல்லுங்க. காலையில வாசல் பெருக்குவேன், சாயங்காலம் கோழிக்குத் தீனி போடுவேன். பெரிசா ஒண்ணுமில்ல, ஆனாலும் தெனமும் படத்துல விழுவேன்லா. என்னைக்காவது தொடந்தாப்ல ரெண்டு நாளு வாசல்ல ஆளக் காணலன்னா, பதினோரு போட்டுக்காரன்ல எவனாவது ஒருத்தன் வந்து கதவத் தட்டிப் பாப்பான்.